சுழலும் தட்டுக்கும் ஓய்வு வேண்டும்

இரவு பதினொரு மணி. வீவக வீடு ஒன்றில் அனைவரும் உறங்கிவிட்டனர். வரவேற்பறையில் விளக்கு எரியவில்லை, மின்விசிறி ஓடவில்லை, தொலைக்காட்சியும் அணைக்கப்பட்டுவிட்டது. ஆனாலும், கூர்ந்து கேட்டால் மெல்லிய ரீங்காரம் ஒன்று காதில் விழுகிறது. இணைய ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டியிலிருந்து அது வருகிறது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது. அது மெல்ல அதிர்வதையும் உணர முடிகிறது. அதுதான் அந்தக் குடும்பத்தின் வெளிப்புற வன்தட்டு.

தாத்தா பாட்டியின் அறுபதாம் கல்யாணப் படங்கள், தம்பி முதன்முதலாக நடை பழகிய காணொளி, அக்காவின் பள்ளித் திட்டப்பணிகள் ஆகிய அனைத்தும் அதில்தான் இருக்கின்றன. மாலை ஏழு மணிக்கு அப்பா சில படங்களை அதில் சேமித்தார். அதன் பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை. நாளை மாலைவரை யாரும் திறக்கப்போவதும் இல்லை. இருந்தும், பெட்டிக்குள் இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை இரவு முழுவதும் சுழன்றுகொண்டே இருக்கிறது.

இந்தச் சுழற்சி தேவைதானா? அதை நிறுத்தினால் எவ்வளவு மின்சாரம் மிச்சமாகும்? அடிக்கடி நிறுத்தினால் உள்ளே இருக்கும் படங்களுக்கு ஆபத்து வருமா? இக்கேள்விகளுக்கு விடை காண வேண்டுமானால், முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

வன்தட்டின் உள்ளே அலுமினியத்தால் அல்லது கண்ணாடியால் செய்யப்பட்ட வட்டமான தட்டு இருக்கும். சிலவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். தட்டின் மேற்பரப்பில் மிக மெல்லிய காந்தப் பூச்சு உண்டு. நாம் சேமிக்கும் படம், பாடல், கட்டுரை எல்லாம் அந்தப் பூச்சில் நுண்ணிய காந்தப் புள்ளிகளாகப் பதிகின்றன. நடுவில் உள்ள மோட்டார் தட்டைச் சுழற்றுகிறது. பக்கவாட்டில் உள்ள ஒரு கை, தட்டின் விளிம்புக்கும் மையத்துக்கும் இடையே நகர்கிறது. அக்கையின் நுனியில் உள்ள சிறிய உறுப்புதான் தகவல்களை எழுதுகிறது, வாசிக்கிறது. அதற்குத் 'தலை' என்று பெயர்.

இத்தகைய சேமிப்புக் கருவியை ஐபிஎம் நிறுவனம் 1956ஆம் ஆண்டில் தன் 'ராமாக்' கணினியுடன் அறிமுகப்படுத்தியது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் அதில் இருந்தன. அவை நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. ஒரு டன்னுக்கும் அதிக எடையுள்ள அந்தக் கருவியில் 5 மில்லியன் எழுத்துகளை மட்டுமே சேமிக்க முடிந்தது. இன்று நாம் கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படத்துக்குக்கூட ஏறக்குறைய அவ்வளவு இடம் தேவைப்படுகிறது.

காலப்போக்கில் தட்டுகள் சிறியவையாயின, வேகமோ கூடியது. இன்றைய 3.5 அங்குல வன்தட்டுகள் பல நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கின்றன. அதாவது, ஒரு வினாடிக்கு 120 சுற்றுகள். தட்டின் விட்டம் ஏறக்குறைய 9.5 செண்டிமீட்டர். கணக்கிட்டுப் பார்த்தால், அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. சிங்கப்பூரின் விரைவுச்சாலைகளில் அனுமதிக்கப்படும் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான்!

இவ்வளவு வேகமாகச் சுழலும் தட்டைத் தலை தொடுவதில்லை. தட்டு சுழலும்போது அதனுடன் சேர்ந்து காற்றும் இழுபடுகிறது. அந்தக் காற்றின்மேல் தலை மிதக்கிறது. தலைக்கும் தட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி சில நானோமீட்டர் மட்டுமே. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த இடைவெளி எவ்வளவு குறுகியது என்பது விளங்கும்.

தட்டு நின்றுவிட்டால் தலையைத் தாங்கும் காற்றும் இல்லாமல் போகும். அதனால், தட்டு நிற்பதற்கு முன்பே தலை விலகித் தனக்கென்று அமைக்கப்பட்டுள்ள ஓய்விடத்துக்குச் சென்றுவிடுகிறது. தட்டு மீண்டும் முழு வேகத்தை அடைந்த பிறகே அது திரும்பி வருகிறது. வன்தட்டின் உறக்கமும் விழிப்பும் இப்படித்தான் நிகழ்கின்றன.

சும்மா சுழல்வதற்கும் விலை உண்டு

மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தை ஒருமுறை சுழற்றிவிட்டால், அது சிறிது நேரம் தானாகவே சுழலும், பிறகு நின்றுவிடும். தடை எதுவும் இல்லையென்றால் அச்சக்கரம் நிற்கவே நிற்காது. காற்றும் அச்சின் உராய்வும் அதைத் தடுக்கின்றன. வன்தட்டிலும் இதே நிலைதான். தட்டின் வேகம் குறையாமல் இருக்க வேண்டுமானால், மோட்டார் காற்றின் தடையையும் உராய்வையும் ஒவ்வொரு கணமும் வென்றாக வேண்டும். அதற்கு மின்சாரம் தேவை.

காற்றின் தடை எவ்வளவு முக்கியமானது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2013ஆம் ஆண்டில், காற்றுக்குப் பதிலாக ஹீலியம் வாயு நிரப்பப்பட்ட வன்தட்டுகள் சந்தைக்கு வந்தன. ஹீலியத்தின் அடர்த்தி காற்றின் அடர்த்தியில் ஏழில் ஒரு பங்குதான். தடை குறைந்ததால் அவ்வன்தட்டுகளின் மின்சாரத் தேவையும் குறைந்தது.

நம் வீட்டு வன்தட்டுக்கு வருவோம். தனி மின்செருகி உள்ள 3.5 அங்குல வெளிப்புற வன்தட்டு, வேலை எதுவும் இல்லாமல் சுழலும்போது 5 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். தட்டு நின்று உறங்கும்போது 1 வாட் போதும் என்றும் கொள்வோம். இந்த அளவுகள் வன்தட்டுக்கு வன்தட்டு மாறுபடும். எனினும், நம் கணக்குக்கு இவை பொருத்தமானவையே.

ஒரு நாளில் இரண்டு மணி நேரம் மட்டுமே வன்தட்டு பயன்படுகிறது என்றால், மீதமுள்ள 22 மணி நேரம் அது உறங்கலாம். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 4 வாட் மணி மிச்சம். ஒரு நாளைக்கு 88 வாட் மணி மிச்சமாகும். ஓராண்டில் அது ஏறக்குறைய 32 கிலோவாட் மணி ஆகிவிடும். ஒரு கிலோவாட் மணிக்கு 30 காசு என்று கணக்கிட்டால், ஆண்டுக்கு ஏறக்குறைய 9 வெள்ளி 60 காசு மிச்சம்.

"இவ்வளவுதானா?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பத்து வெள்ளிக்கும் குறைவான இத்தொகையால் ஒரு குடும்பத்தின் செலவு பெரிதாகக் குறைந்துவிடாது. ஆனால், அதே 32 கிலோவாட் மணி மின்சாரத்தைக் கொண்டு 8 வாட் எல்இடி விளக்கு ஒன்றை 4,000 மணி நேரம் எரிய வைக்கலாம். ஒரு மாணவர் நாள்தோறும் மூன்று மணி நேரம் அந்த வெளிச்சத்தில் படித்தால், மூன்றரை ஆண்டுகளுக்கும் மேல் அந்த மின்சாரம் போதும். யாருக்கும் பயன்படாத சுழற்சிக்காக ஓராண்டில் நாம் செலவிடுவது அந்த அளவு மின்சாரம்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்துப் பெறப்படுகிறது. ஒரு கிலோவாட் மணி மின்சாரத்தை உற்பத்தி செய்யும்போது ஏறக்குறைய 0.4 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. எனவே, 32 கிலோவாட் மணி என்பது ஏறக்குறைய 13 கிலோகிராம் கரியமில வாயுவுக்குச் சமம். நூறாயிரம் வீடுகள் இவ்வாறு மின்சாரத்தைச் சேமித்தால், ஆண்டுக்கு 3.2 மில்லியன் கிலோவாட் மணி மிச்சமாகும். மாதத்துக்கு 400 கிலோவாட் மணி பயன்படுத்தும் குடும்பங்களில் 650க்கும் மேற்பட்டவற்றின் ஓராண்டுத் தேவைக்கு அது போதும்.

வெப்பமும் ஒரு முக்கியமான செய்தி. வன்தட்டு எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. வெளிப்புற வன்தட்டுகள் பலவற்றில் விசிறி இருப்பதில்லை. நம்முடையதைப் போன்ற வெப்பமான நாட்டில், காற்றோட்டம் இல்லாத மூலையில் இருபத்து நான்கு மணி நேரமும் சுழலும் வன்தட்டு எளிதில் சூடேறிவிடும். குளிரூட்டி ஓடும் அறையாக இருந்தால், அந்த வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டியும் கூடுதலாக உழைக்க வேண்டும். ஆகவே, தட்டுக்கு ஓய்வு கொடுத்தால் மின்சாரத்துடன் வெப்பமும் சத்தமும் குறையும்.

எப்போது உறங்க வைப்பது?

அப்படியானால், வேலை முடிந்த மறுகணமே தட்டை நிறுத்திவிடலாமா? கூடாது. நின்றுபோன தட்டை மீண்டும் முழு வேகத்துக்குக் கொண்டுவருவது எளிதான வேலையன்று. நின்ற பேருந்தை நகர்த்துவதற்கு அதன் இயந்திரம் அதிகமாக உழைப்பதைப் போலவே, தொடக்கத்தில் மோட்டாருக்கும் அதிக ஆற்றல் தேவை. 3.5 அங்குல வன்தட்டு சுழலத் தொடங்கும்போது அதன் மின்சாரத் தேவை சில வினாடிகளுக்கு 20 வாட்டையும் தாண்டக்கூடும்.

ஓர் எளிய கணக்கைப் போடுவோம். தட்டு முழு வேகத்தை அடைய 10 வினாடி ஆகிறது. அந்நேரத்தில் 20 வாட் தேவைப்படுகிறது என்று கொள்வோம். அப்படியானால், ஒருமுறை விழித்தெழ 200 ஜூல் ஆற்றல் செலவாகிறது. உறங்கும்போது ஒவ்வொரு வினாடிக்கும் 4 ஜூல் மிச்சமாகிறது. 200ஐ 4ஆல் வகுத்தால் 50 கிடைக்கிறது. எனவே, உறக்கம் 50 வினாடிக்கு மேல் நீடித்தால் மட்டுமே நமக்கு ஆதாயம். அதற்கு முன்னரே எழுப்பிவிட்டால், சேமித்ததைவிடச் செலவழித்ததே அதிகமாகிவிடும்.

மின்சாரத்தை மட்டும் கருதினால், ஓரிரு நிமிடம் காத்திருந்துவிட்டுத் தட்டை நிறுத்திவிடலாம். ஆனால், இங்கேதான் இன்னொரு கேள்வி எழுகிறது. அடிக்கடி உறங்கி எழுந்தால் வன்தட்டு என்ன ஆகும்?

ஓய்வுக்கும் ஓர் அளவு உண்டு

தலை ஒவ்வொரு முறை ஓய்விடத்துக்குச் சென்று திரும்பும்போதும் அதன் உறுப்புகள் சிறிது தேய்கின்றன. அதனால், அது எத்தனை முறை அவ்வாறு சென்று வரலாம் என்பதைத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகின்றனர். பல வன்தட்டுகளுக்கு அந்த எண்ணிக்கை 300,000. சிலவற்றுக்கு 600,000. தட்டு நின்று மீண்டும் சுழல்வதற்கு 50,000 முறை என்று வரம்பு குறிப்பிடப்பட்டுள்ள வன்தட்டுகளும் உண்டு.

இவை பெரிய எண்களாகத் தோன்றலாம். ஆனால், கவனக்குறைவாக இருந்தால் அவை விரைவில் கரைந்துவிடும். 2010ஆம் ஆண்டுவாக்கில் வெளிவந்த சில வன்தட்டுகள், எட்டு வினாடி வேலை இல்லையென்றாலே தலையை ஓய்விடத்துக்கு அனுப்பிவிடும் வகையில் அமைக்கப்பட்டிருந்தன. மின்சாரத்தைச் சேமிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால், சில கணினிகள் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு சிறு குறிப்பை வன்தட்டில் எழுதும் இயல்புடையவை. அவற்றோடு சேர்ந்தபோது தலை ஓய்வுக்குப் போவதும் உடனே திரும்பி வருவதுமாக இருந்தது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை என்றால், ஒரு நாளைக்கு 2,880 முறை. அந்த வேகத்தில் 300,000 என்னும் எண்ணிக்கையை எட்ட 105 நாள் போதும். பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய கருவி, நான்கே மாதத்தில் தன் வரம்பைத் தாண்டிவிடும்.

மின்சாரத்தை மிச்சப்படுத்தப் போய்ப் படங்களை இழந்துவிட்டால் அந்தச் சேமிப்பால் என்ன பயன்? அறுபதாம் கல்யாணத்தை இன்னொரு முறை நடத்திப் படம் எடுக்க முடியுமா? பழுதான வன்தட்டிலிருந்து தகவல்களை மீட்டெடுப்பதற்குப் பல ஆண்டு மின்சாரச் சேமிப்பைவிட அதிகம் செலவாகும். சில வேளைகளில் எவ்வளவு செலவழித்தாலும் மீட்க முடியாமலும் போகலாம்.

இதற்குத் தீர்வு, ஓய்வே கொடுக்காமல் இருப்பதன்று. அளவறிந்து கொடுப்பதே ஆகும். விண்டோஸ் கணினிகளில் வன்தட்டை நிறுத்துவதற்கு வழக்கமாக 20 நிமிடம் என்று அமைக்கப்பட்டிருக்கும். இது பொருத்தமான அளவு. இருபது நிமிடம் யாரும் பயன்படுத்தவில்லை என்றால், இன்னும் சில மணி நேரத்துக்கு யாரும் பயன்படுத்தாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஒரு நாளைக்குப் பத்து முறை வன்தட்டு உறங்கி எழுந்தாலும், 50,000 என்னும் எண்ணிக்கையை எட்ட 5,000 நாள் ஆகும். அதாவது, பதின்மூன்று ஆண்டுகளுக்கும் மேல்.

அளவான ஓய்வு வன்தட்டுக்குப் பாதுகாப்பாகவும் அமைகிறது. சுழன்றுகொண்டிருக்கும் வன்தட்டு தவறிக் கீழே விழுந்தால், தலை தட்டில் மோதி அதன் பூச்சைச் சுரண்டிவிடக்கூடும். உறங்கும் வன்தட்டில் தலை ஓய்விடத்தில் இருப்பதால், அதிர்ச்சியைத் தாங்கும் ஆற்றல் பல மடங்கு அதிகம்.

பெரிய நிறுவனங்களும் கற்ற பாடம்

நம் வீட்டில் இருப்பது ஒரு வன்தட்டு. பெரிய தரவு நிலையங்களிலோ ஆயிரக்கணக்கான வன்தட்டுகள் இருக்கின்றன. 2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் மொத்த மின்சாரப் பயன்பாட்டில் ஏறக்குறைய 7 விழுக்காடு தரவு நிலையங்களுக்குச் சென்றது. மின்சாரமும் நிலமும் அளவோடு இருக்கும் நாடு என்பதால், 2019 முதல் 2022ஆம் ஆண்டின் தொடக்கம்வரை புதிய தரவு நிலையங்களுக்கு அனுமதி வழங்குவதைச் சிங்கப்பூர் நிறுத்தி வைத்திருந்தது.

சேமித்து வைக்கப்பட்டுள்ள தகவல்கள் அனைத்தும் எல்லா நேரத்திலும் தேவைப்படுவதில்லை. இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தனர். நூற்றுக்கணக்கான வன்தட்டுகளை ஒன்றாக அடுக்கி, தேவைப்படும் சிலவற்றை மட்டும் சுழலவிட்டு, மற்றவற்றை உறங்க வைக்கலாம் என்பதே அக்கருத்து.

ஃபேஸ்புக் நிறுவனமும் பின்னர் இதே வழியைப் பின்பற்றியது. மக்கள் புதிய படங்களை அடிக்கடி பார்க்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முந்தைய படங்களை எப்போதாவதுதான் தேடுகிறார்கள். பழைய படங்களின் காப்புப் பிரதிகளுக்காக அந்நிறுவனம் தனியான சேமிப்பகங்களைக் கட்டியது. அங்கே ஒரு வரிசைக்கு 15 வன்தட்டுகள் இருக்கும். ஆனால், ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே சுழலும். மற்ற பதினான்கும் தங்கள் முறை வரும்வரை காத்திருக்கும்.

மின்கருவிகள் காத்திருக்கும் நேரத்தில் வீணாகும் மின்சாரத்தை நாடுகளும் கவனித்து வருகின்றன. அனைத்துலக எரிசக்தி அமைப்பு 1999ஆம் ஆண்டிலேயே 'ஒரு வாட்' திட்டத்தை முன்வைத்தது. காத்திருப்பு நிலையில் எந்தக் கருவியும் ஒரு வாட்டுக்குமேல் எடுக்கக்கூடாது என்பது அதன் இலக்கு. ஐரோப்பிய ஒன்றியம் இதைப் படிப்படியாகச் சட்டமாக்கியது. நம் வீட்டு மூலையில் நாம் போட்ட கணக்கைத்தான் நாடுகளும் போட்டுப் பார்த்திருக்கின்றன.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில், உங்கள் வீட்டில் இருப்பது எவ்வகைச் சேமிப்புக் கருவி என்று பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் 2.5 அங்குல வன்தட்டு, யூஎஸ்பி கம்பி வழியாகவே மின்சாரம் பெறும். சும்மா சுழலும்போது அதற்கு ஏறக்குறைய ஒரு வாட் போதும். அதனால் கிடைக்கும் சேமிப்பும் குறைவு. சுழலும் தட்டே இல்லாத திடநிலைச் சேமிப்பகத்துக்கு இந்தக் கவலை இல்லை. தனி மின்செருகியுடன் வரும் பெரிய வன்தட்டுகளைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவதாக, உறக்க நேரத்தை அமைத்திடுங்கள். விண்டோஸ் கணினியில் மின்சக்தி தொடர்பான அமைப்புகளுக்குள் வன்தட்டை நிறுத்தும் நேரத்தைக் குறிப்பிடலாம். மேக் கணினியிலும் இயன்றபோது வன்தட்டை உறங்க வைக்கும் அமைப்பு உண்டு. வன்தட்டு ரவுட்டருடன் இணைக்கப்பட்டிருந்தால், ரவுட்டரின் அமைப்புகளிலோ வன்தட்டுடன் வந்த செயலியிலோ அத்தகைய வசதி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பதினைந்து முதல் முப்பது நிமிடம் என்பது நல்ல அளவு.

மூன்றாவதாக, அமைத்துவிட்டோம் என்று இருந்துவிடாமல் சோதித்துப் பாருங்கள். அனைத்துக் கோப்புகளையும் மூடிவிட்டு, குறித்த நேரம் கடந்ததும் பெட்டியின்மேல் கையை வையுங்கள். அதிர்வு நின்றிருந்தால் தட்டு உறங்குகிறது என்று பொருள். இன்னும் அதிர்ந்தால், ஏதோ ஒன்று அதை எழுப்பிக்கொண்டே இருக்கிறது. நச்சுநிரல் தடுப்புச் செயலி, கோப்புகளைத் தேடிப் பட்டியலிடும் வசதி, புதிய படங்கள் வந்துள்ளனவா என்று அடிக்கடி பார்க்கும் தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவை பெரும்பாலும் இதற்குக் காரணமாக இருக்கும். அவற்றை ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டும் செயல்படுமாறு மாற்றி அமைக்கலாம்.

நான்காவதாக, மாதத்துக்கு ஒருமுறை மட்டும் காப்புப் பிரதி எடுக்கப் பயன்படும் வன்தட்டை எப்போதும் இணைத்தே வைத்திருக்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் அதைக் கணினியிலிருந்து முறைப்படி விடுவித்து, விசையை அணைத்து, தனியே எடுத்து வையுங்கள். அப்போது அதன் மின்சாரத் தேவை சுழியம். கணினியை நச்சுநிரல் தாக்கினாலும் இணைக்கப்படாத வன்தட்டை அது எட்டாது. ஆனால், தட்டு சுழலும்போது கம்பியை வெடுக்கென்று பிடுங்கிவிடாதீர்கள். எழுதி முடிக்கப்படாத கோப்புகள் சிதைந்துவிடலாம். எடுத்து வைத்த வன்தட்டையும் சில மாதங்களுக்கு ஒருமுறை இணைத்து, படங்கள் திறக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விலைமதிப்பற்ற படங்களை ஒரே வன்தட்டில் மட்டும் வைத்திருக்காதீர்கள். எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் எந்தக் கருவியும் ஒருநாள் பழுதாகும். குறைந்தது இன்னொரு பிரதியேனும் வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

வாகனத்தை நிறுத்தி வைத்துவிட்டு இயந்திரத்தை வீணாக ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றமாகும். புகையும் சத்தமும் வெளியே தெரிவதால் அதை நாம் எளிதில் கவனித்துவிடுகிறோம். வீட்டின் மூலையில் சுழலும் தட்டு நம் கண்ணில் படுவதில்லை. அதற்கு எவ்வளவு ஓய்வு தேவை என்பதைக் கணக்கிட்டு அறிய, பள்ளியில் நாம் கற்ற பெருக்கலும் வகுத்தலும் போதும்.

மீண்டும் அந்த வீவக வீட்டுக்கு வருவோம். அக்கா நேற்று உறக்க நேரத்தை இருபது நிமிடமாக அமைத்தாள். தாத்தா பாட்டியின் படங்களை இன்னொரு வன்தட்டிலும் பதிந்து, அதைத் தன் அத்தை வீட்டில் கொடுத்து வைத்தாள். இன்று இரவு பதினொரு மணிக்கு அந்தக் கறுப்புப் பெட்டி குளிர்ந்திருக்கிறது. ரீங்காரம் கேட்கவில்லை. நாளை மாலை பாட்டி தம் படங்களைப் பார்க்க விரும்பினால், தட்டு சுழலத் தொடங்கும்வரை பத்து வினாடி காத்திருந்தால் போதும்.